பூட்டும் குழாயும் பக்கத்து வீடும்: தெருச் செய்தி எப்போது பயன்படுகிறது?

ஒரு வீட்டின் பின்கதவை நெம்பித் திறந்து திருடிப் போய்விட்டார்கள் என்றால், அந்தத் தெருவுக்கு அடுத்த 14 நாட்கள் மற்ற நாட்களைப் போன்றவை அல்ல. ஐந்து நாடுகளின் வீட்டுத் திருட்டுப் பதிவுகளை ஒப்பிட்டு, ஷேன் ஜான்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. திருட்டு நடந்த வீட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் வழக்கத்தைவிடக் கூடுதல் ஆபத்து இருக்கிறது. காரணம் எளிது. வந்தவனுக்கு இப்போது சந்து தெரியும், எந்தப் பக்கம் ஓடலாம் என்பது தெரியும், எந்த நேரத்தில் தெரு வெறிச்சோடும் என்பதும் தெரியும். பக்கத்து வீடுகளிலும் பெரும்பாலும் அதே மாதிரிக் கதவு, அதே தாழ்ப்பாள்தான். முதல் வீட்டில் பலித்த வழி மூன்றாவது வீட்டிலும் பலிக்கும்.

அச்சிட்ட மாத மடலோ, அறிவிப்புப் பலகையோ, கைபேசிக் குழுவோ, அக்கம்பக்கத்துச் செய்தி பயன்படுவதும் வீணாவதும் இந்த இரண்டு வாரத்தில்தான் தெரியும். மாதக் கடைசியில் வரும் மடலில் "நம் பகுதியில் திருட்டு பெருகிவிட்டது, அனைவரும் எச்சரிக்கையாக இருக்கவும்" என்று போட்டால் ஆபத்துக் காலம் முடிந்த பிறகு பயம் மட்டும் வந்து சேரும். தண்ணீர் விஷயத்திலும் இதே கதை. "தண்ணீர் உயிர்நீர், சிக்கனமாகப் பயன்படுத்துவீர்" என்ற வரியைப் படித்து எந்த ஃபிளஷ் தொட்டியும் ஒழுகுவதை நிறுத்தியதில்லை. திருட்டும் கசிவும் யாரும் பார்க்காத நேரத்தில், ஒரு சிறு இடைவெளி வழியாகத்தான் நடக்கின்றன. அந்த இடைவெளி எது, அதை இன்றைக்கு எப்படி அடைப்பது என்று சொல்லும் செய்தியே வேலை செய்கிறது.

ஒரு திருட்டு அறிவிப்பில் நான்கு விவரம் இருந்தால் போதும்: எப்போது, எந்தப் பகுதியில், எப்படி நுழைந்தார்கள், படிப்பவர் இன்றிரவு செய்ய வேண்டியது என்ன. இப்படி எழுதலாம்: "திங்கள் காலை 10 முதல் 12 மணிக்குள், மூன்றாம் தெருவின் கிழக்குப் பாதியில் ஒரு வீட்டில் திருட்டு. பின்பக்கச் சமையலறைக் கதவை, பூட்டு நாக்கு நுழையும் இடத்தில் கம்பியால் நெம்பியிருக்கிறார்கள். ஏறுவதற்குப் பக்கத்து மனையில் கிடந்த ஏணி. மூன்றாம், நான்காம் தெருவினர் இன்றே பின்கதவின் மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போடவும். வெளியே கிடக்கும் ஏணி, கடப்பாரையை உள்ளே எடுத்து வைக்கவும். அன்று காலை எதையாவது பார்த்தவர்கள் காவல் நிலையத்துக்குச் சொல்லவும்." பறிகொடுத்தவரின் பெயரும் கதவு எண்ணும் இதில் இல்லை, தேவையும் இல்லை. என்னென்ன பொருள் போனது என்ற பட்டியலும் வேண்டாம். அது இன்னொருவனுக்கு விலைப்பட்டியல்.

திருட்டு நடந்த வீட்டுக்கே மறுபடியும் வருவார்கள் என்பதை வைத்து ஒரு குடியிருப்பையே மாற்றிக் காட்டிய முன்னுதாரணம் உண்டு. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் உள்ள கர்க்ஹோல்ட் குடியிருப்பில், 1980-களின் நடுவில் ஒரு திட்டம் தொடங்கியது. ஏற்கெனவே திருட்டுக்கு ஆளான வீடுகளின் மீது முழுக் கவனத்தையும் வைத்தார்கள். திருடன் உண்மையில் எந்த வழியாக நுழைந்தானோ அந்த வழியைப் பலப்படுத்தினார்கள். எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் நாணயம் போடும் மீட்டர்கள் அங்கே பல வீடுகளில் இருந்தன. அவற்றிலிருந்த காசே பல திருட்டுகளுக்கு இலக்கு என்று தெரிந்ததும் மீட்டர்களை மாற்றினார்கள். கூடவே, பறிகொடுத்த வீட்டைச் சுற்றியிருந்த ஆறு வீடுகள் வரை சேர்த்து, அந்த வீட்டின் மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார்கள். சுமார் மூன்று ஆண்டுகளில் அங்கே வீட்டுத் திருட்டு நான்கில் மூன்று பங்கு குறைந்தது.

நூறு வீடுகளைச் சேர்த்து ஒரு பெரிய குழு அமைப்பதைவிட இந்த ஆறு வீட்டு ஏற்பாடு நடைமுறைக்கு நெருக்கமானது. அமெரிக்காவில் 1972-இல் ஷெரிஃப்கள் (வட்டாரக் காவல் தலைவர்கள்) சங்கம் நாடு தழுவிய அளவில் தொடங்கி, இங்கிலாந்தில் 1982-இல் செஷயரின் மாலிங்டன் கிராமத்தில் காலூன்றிய அக்கம்பக்கக் கண்காணிப்புக் குழுக்கள் பலவற்றை ஒருசேர ஆராய்ந்த மதிப்பீடு, குற்றங்கள் 16 முதல் 26 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. பலகை மாட்டி, ஒரு கூட்டம் போட்டு, ஆறே மாதத்தில் ஓய்ந்துபோன குழுக்கள் ஏராளம். யார் எந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது தெளிவாக இல்லாவிட்டால், எல்லோரும் பார்ப்பார்கள் என்று நம்பி யாருமே பார்ப்பதில்லை.

கதவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் பெரும்பாலும் தவறான இடத்தில் செலவாகிறது. விலையுயர்ந்த பூட்டு வாங்கிப் பொருத்துவார்கள். உதை விழும்போது பூட்டு அப்படியே இருக்கும், நிலைச்சட்டம் பிளந்து கதவு திறந்துகொள்ளும். பூட்டு நாக்கு போய் உட்காரும் அந்தச் சின்னத் தகடு, பல வீடுகளில் 20 மி.மீ. ஸ்க்ரூ இரண்டில்தான் நிற்கிறது. அந்த ஸ்க்ரூ மரத்தின் மேல்தோலை மட்டுமே பிடித்திருக்கும். அதைக் கழற்றிவிட்டு, நான்கு துளையுள்ள கனமான தகடு போட்டு, 75 மி.மீ. ஸ்க்ரூவால் இறுக்கினால் விசை நிலைச்சட்டம் முழுவதற்கும் பரவும். முறுக்குவதற்கு முன் ஸ்க்ரூவைவிட மெல்லிய டிரில்லால் வழித்துளை போட வேண்டும், இல்லாவிட்டால் மரம் நூல் பிடித்துப் பிளக்கும். கீல்களிலும் ஒவ்வொன்றுக்கு ஒரு ஸ்க்ரூவையாவது இப்படி நீளமானதாக மாற்றலாம். பூட்டு நாக்கு முழுதாக 25 மி.மீ. வெளியே வருகிறதா என்று பாருங்கள். தகட்டின் பின்னால் குழி ஆழமாகத் தோண்டப்படாமல் பாதியில் முட்டி நின்றால், சாவி சுற்றினாலும் கதவு பாதிதான் பூட்டியிருக்கிறது. நிலையே சுவரில் ஆடினால் இதெல்லாம் வீண். முதலில் நிலையைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டையான ஹோல்டுஃபாஸ்ட் வைத்துச் சிமென்ட் பூசி நிலையை இறுக்க வேண்டும்.

நகர்த்தும் கண்ணாடிக் கதவுக்குத் தடத்தில் ஒரு கட்டை போடுவது பலருக்குத் தெரியும். கதவைத் தூக்கிக் கழற்றிவிட முடியும் என்பது பலருக்குத் தெரியாது. மேல் தடத்தில் இரண்டு ஸ்க்ரூவைப் பாதி முறுக்கி, கதவு நகர மட்டும் இடைவெளி விட்டால் தூக்க முடியாது.

தோட்டச் செடிகள் முழங்கால் உயரத்தைத் தாண்டாமலும், மரக்கிளைகள் இரண்டு மீட்டருக்குக் கீழே தொங்காமலும் இருந்தால் தெருவிலிருந்து வாசல் தெரியும். விளக்கு கண்ணில் அடிக்காமல் தரையில் விழ வேண்டும். கண்ணைக் கூசவைக்கும் விளக்குக்குப் பின்னால் நிற்பவனை யாராலும் பார்க்க முடியாது.

"சந்தேகத்துக்கு இடமான ஆள் ஒருவர் சுற்றுகிறார்" என்ற அறிவிப்பு, அக்கம்பக்கச் செய்திகளிலேயே அதிகத் தீங்கு செய்வது. நிறத்தையும் உடையையும் வைத்துப் பார்சல் கொண்டுவந்தவரையும் வேலை தேடி வந்தவரையும் திருடனாக்கிவிடுகிறது. நிஜமாகத் திருட வந்தவனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அமெரிக்காவின் ஓக்லாந்தில் இதைப் பற்றிக் கடும் புகார்கள் எழுந்த பின், அக்கம்பக்கச் செயலியான நெக்ஸ்ட்டோர் 2016-இல் தன் படிவத்தையே மாற்றியது. அந்த ஆள் என்ன செய்தார் என்பதை எழுதாமல் குற்ற எச்சரிக்கையை அனுப்ப முடியாதபடி செய்தார்கள். கைபேசிக் குழுவிலும் அந்த விதியை வைத்துக்கொள்ளலாம். "மாலை 4:10, ஒருவர் அடுத்தடுத்து நான்கு வீட்டுக் கதவுக் கைப்பிடிகளை அழுத்திப் பார்த்தார், பிறகு பூங்காப் பக்கம் நடந்தார்" என்பது செய்தி. "புது முகம்" என்பது செய்தி அல்ல. கேமராவில் பதிந்த முகத்தைக் குழுவில் போடுவதற்கு முன் காவல் துறையிடம் கொடுங்கள். தவறான முகத்தைத் திரும்பப் பெற முடியாது. போட்ட எச்சரிக்கை தவறு என்று தெரிந்தால், எந்த இடத்தில் போட்டீர்களோ அதே இடத்தில், அதே அளவில் திருத்தமும் வர வேண்டும்.

தண்ணீரும் திருட்டும் நேராகவே சந்திக்கும் ஓர் இடம் உண்டு. "தண்ணீர்த் துறையிலிருந்து வருகிறோம், குழாய் அழுத்தம் பார்க்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு இருவர் வருவார்கள்; பெரும்பாலும் வயதானவர்கள் தனியாக இருக்கும் நேரம். ஒருவர் வீட்டுக்காரரைச் சமையலறைக்கு அழைத்துப்போய், "குழாயைத் திறந்து வையுங்கள் அம்மா, நான் சொல்லும்வரை மூடாதீர்கள்" என்பார். தண்ணீர் விழும் சத்தத்தில் மற்றவர் அறை அறையாகப் போவது காதில் விழாது. தடுக்கும் வழி: கதவுச் சங்கிலியைக் கழற்றாமலேயே அடையாள அட்டையைக் கேட்பது, அட்டையில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பழைய தண்ணீர்க் கட்டண ரசீதில் உள்ள எண்ணுக்கு அழைத்து விசாரிப்பது, அதுவரை கதவை மூடி வைப்பது. உண்மையான பணியாளர் வெளியே காத்திருக்கத் தயங்கமாட்டார். அவசரப்படுத்துகிறவரை உள்ளே விட வேண்டாம். உண்மையான குழாய்ப் பணி நடக்கவிருக்கும்போது, எந்தத் தேதியில், எந்தத் தெருவில், பணியாளர் வீட்டுக்குள் வர வேண்டிய தேவை உண்டா இல்லையா என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் இந்த ஏமாற்றுக்கு இடமே இருக்காது. "வியாழன் நடக்கும் பணி தெருவில் மட்டும், எந்த வீட்டுக்குள்ளும் யாரும் வரமாட்டார்கள்" என்ற ஒரு வரி பெரிய பாதுகாப்பு.

கசிவுக்கு வருவோம். வீட்டில் கசிவு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத் தண்ணீர் மீட்டர் போதும். எல்லாக் குழாய்களையும் மூடி, துணி துவைக்கும் இயந்திரத்தை நிறுத்தி, மேல்நிலைத் தொட்டி இருந்தால் அது நிரம்பி வரத்து நின்ற பிறகு, மீட்டர் எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். கடைசிச் சிவப்பு இலக்கங்களையும் விடாமல் எழுத வேண்டும், சிறு கசிவு அங்கேதான் தெரியும். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் தொடக் கூடாது. மறுபடி பாருங்கள். எண் மாறியிருந்தால் கசிவு உண்டு. இப்போது வீட்டுக்குள் நுழையும் முதன்மை வால்வை மூடிவிட்டு மீண்டும் பாருங்கள். மீட்டர் நின்றுவிட்டால் கசிவு வால்வுக்கு உள்ளே. தொடர்ந்து ஓடினால் மீட்டருக்கும் வால்வுக்கும் இடையே, பெரும்பாலும் மண்ணுக்கு அடியில். பல வீடுகளில் அந்த வால்வு வருடக்கணக்கில் தொடப்படாமல் இறுகிக் கிடக்கும். பலவந்தமாகத் திருப்பினால் தண்டு உடையும். கால் சுற்று முன்னும் பின்னுமாக ஆட்டி, மெல்ல இளக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டி உள்ள வீட்டில் இந்தச் சோதனை தொட்டிவரை உள்ள கசிவைத்தான் பிடிக்கும். தொட்டிக்குக் கீழே உள்ளதைப் பிடிக்க, இரவில் தொட்டிக்கு வரும் வால்வை மூடி, தண்ணீர் மட்டத்தைத் தொட்டியின் உள்சுவரில் கோடு போட்டு வைத்து, காலையில் யாரும் குழாய் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டும்.

உள்ளே என்றால் முதல் சந்தேகம் ஃபிளஷ் தொட்டி. ஒழுகும் குழாய் சத்தம் போடும்; ஃபிளஷ் தொட்டி சத்தமில்லாமல் ஒரு நாளில் 750 லிட்டர் வரை விட்டுவிடக்கூடியது. தொட்டி மூடியைத் திறந்து, உணவில் போடும் நிறச்சாயம் சில துளி விட்டு, 15 நிமிடம் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் அடியில் உள்ள ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. பெரும்பாலும் ரப்பர் தடித்து வளைந்திருக்கும். தொட்டிக்குள் போடும் குளோரின் வில்லைகள் ரப்பரைச் சீக்கிரம் தின்றுவிடும், அவற்றை நிறுத்துவது நல்லது. சங்கிலி நீளமாக இருந்தால் மூடிக்கு அடியில் சிக்கும், குட்டையாக இருந்தால் மூடியைத் தூக்கியே வைத்திருக்கும். ஒரு சென்டிமீட்டர் தொய்வு சரியான அளவு. தொட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும் நடுக்குழாயின் வாய் வழியே தண்ணீர் நில்லாமல் வழிந்தால், மிதவை உயரமாக இருக்கிறது என்று பொருள். தண்ணீர் மட்டம் அந்த வாய்க்கு 2.5 செ.மீ. கீழே நிற்கும்படி மிதவையைத் தாழ்த்துங்கள். தண்ணீரைக் குறைக்கத் தொட்டிக்குள் செங்கல் வைக்கும் பழக்கம் வேண்டாம். செங்கல் கரைந்து, துகள் ரப்பருக்கு அடியில் போய், மிச்சப்படுத்தியதைவிட அதிகமாக ஒழுகவிடும். பழைய 13 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டில் ஒன்று வைக்கலாம். 6 லிட்டர் தொட்டியில் அதையும் செய்ய வேண்டாம், இரண்டு முறை அழுத்த நேரிடும்.

சொட்டும் குழாயைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும். ஒரு சொட்டு ஏறத்தாழ கால் மில்லிலிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 21 லிட்டருக்கு மேல், ஆண்டுக்கு ஏழாயிரம் லிட்டரைத் தாண்டும். வாஷரை மாற்றிய மறுவாரமே திரும்பச் சொட்டினால் குற்றம் வாஷரில் இல்லை. அது அமரும் பித்தளை விளிம்பில் மணல் உரசிய கீறல் இருக்கும்; விரல் நுனியால் தடவினாலே தெரியும். அந்த விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்தாமல் எத்தனை வாஷர் போட்டாலும் நிற்காது. சொட்டை நிறுத்த இன்னும் இறுக்கித் திருகுவது அந்தக் கீறலை ஆழமாக்கும்.

இந்த விவரங்களை ஒவ்வொன்றாக எழுதினாலும், வீட்டுக்கு வீடு யார் செய்வார்கள் என்பது சொல்லும் விதத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில் கல்லாகிப்போன மரத்துண்டுகளைப் பார்வையாளர்கள் எடுத்துப் போவது பெரிய தொல்லை. உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் அங்கே இரண்டு விதப் பலகைகளை வைத்துச் சோதித்தார்கள். "எடுக்க வேண்டாம்" என்று மட்டும் கேட்டுக்கொண்ட பலகை இருந்தபோது, அடையாளமிட்ட துண்டுகளில் 1.67 சதவீதம் காணாமல் போயின. "முன்பு வந்த பலர் எடுத்துச் சென்றுவிட்டார்கள்" என்று வருந்திய பலகை இருந்தபோது 7.92 சதவீதம் போயின. பலரும் செய்கிறார்கள் என்று படித்தவர்களுக்கு அதுவே நடைமுறையாகத் தெரிந்துவிட்டது. "நம் தெருவில் எல்லோரும் தண்ணீரை வீணாக்குகிறார்கள்", "யாருமே கதவைப் பூட்டுவதில்லை" என்று வெளியிடுகிறவர்கள் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஒப்பீடு உதவும், அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸில் நடந்து 2007-இல் வெளியான மின்சாரப் பயன்பாட்டு ஆய்வில், தெருவின் சராசரியைத் தெரிவித்ததும் அதிகம் செலவழித்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள்; குறைவாகச் செலவழித்துக்கொண்டிருந்தவர்களோ சராசரியை நோக்கி ஏறினார்கள். அந்தச் சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்து பாராட்டியதும் ஏற்றம் நின்றது. அதே 2007-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் காப் கவுண்டியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தண்ணீருக்காக நடந்த சோதனையில், அண்டை வீடுகளோடு ஒப்பிட்ட கடிதம் பயன்பாட்டை 4.8 சதவீதம் குறைத்தது. வெறும் குறிப்புகள் மட்டும் அனுப்பியவர்களிடம் பெரிய மாற்றமில்லை. ஒப்பீட்டின் பலனும் காலப்போக்கில் தேய்ந்தது, ஆகவே ஒரே ஒரு முறை போட்டுவிட்டு ஓயக் கூடாது. 2018-இல் தண்ணீர் தீரும் நாளை எதிர்நோக்கி, ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்த தென்னாப்பிரிக்க நகரமான கேப் டவுன், அளவுக்குள் நின்ற வீடுகளை வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகக் காட்டியது. அங்கே கட்டண உயர்வும் அழுத்தக் குறைப்பும் சேர்ந்தே வேலை செய்தன. ஆனால் மீறியவர்களைச் சிவப்பில் குறிக்காமல், கடைப்பிடித்தவர்களைக் காட்டத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. தெரு மடலிலும் அப்படியே செய்யலாம்: "இந்த மாதம் 40 வீடுகள் சாயச் சோதனை செய்தன, 9 வீடுகளில் கசிவு கிடைத்துச் சரி செய்யப்பட்டது" என்பது போல, உண்மையான எண்களுடன், வீட்டுப் பெயர் இல்லாமல்.

திருட்டு, தண்ணீர்ச் செய்திகளை அடுத்து மடலின் மூன்றாவது பகுதியாக வரும் விழா, கூட்டம், விளையாட்டு அறிவிப்புகளைப் பக்கம் நிரப்பும் சமாச்சாரம் என்று நினைப்பது தவறு. சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சன் குழுவினர் சிகாகோவின் 343 பகுதிகளில் 8,782 பேரிடம் பேசி 1997-இல் வெளியிட்ட ஆய்வு, அண்டை வீட்டார் ஒருவரையொருவர் நம்பி, தேவைப்பட்டால் தலையிடத் தயாராக இருக்கும் இடங்களில் வன்முறை குறைவாக இருந்ததைக் காட்டியது. பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் நிற்கும் பிள்ளைகளைக் கண்டால் கேட்பீர்களா என்பது அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று. பெயரே தெரியாத வீட்டுப் பிள்ளையை யாரும் கேட்கமாட்டார்கள். தெருவிளக்குகளைப் பற்றிய ஆய்வுகளிலும் இதன் சாயல் தெரிகிறது. விளக்கு மேம்பட்ட இடங்களில் இரவுக் குற்றத்தோடு பகல் குற்றமும் குறைந்தது. வெளிச்சம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் பகலில் ஏன் குறைய வேண்டும்?

ஒரு நிகழ்ச்சி அறிவிப்பில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரமும், வாகனத்துக்கு மூடப்படும் பாதையும், அவசர வண்டி நுழையும் வழியும் இருக்க வேண்டும். தெருவே காலியாகும் நிகழ்ச்சி என்றால் வரிசைக்கு ஒருவர் வீட்டிலிருக்க முன்பே பேசிவைக்க வேண்டும். அதை மடலில் எழுதாமல் வாய்மொழியாகச் சொல்லுங்கள். குடிநீருக்குத் தானே மூடிக்கொள்ளும் குழாய் வைத்த தொட்டி போதும், முடிந்ததும் வால்வை மூடும் பொறுப்பு ஒருவர் பெயரில் இருக்க வேண்டும்.

ஊருக்குப் போகும் வீட்டில் திருட்டு, தண்ணீர், அக்கம்பக்கம் ஆகிய மூன்றும் ஒன்றாகின்றன. போகும் நாளைக் குழுவில் அறிவிக்காமல் பக்கத்து இரண்டு வீடுகளுக்கு மட்டும் நேரில் சொல்லுங்கள். முதன்மை வால்வை மூடி, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை வடியவிட்டு, மறுபடி மூடுங்கள். மீட்டர் எண்ணைத் தாளில் எழுதிச் சாவியோடு பக்கத்து வீட்டில் கொடுங்கள். அவர் இரண்டு நாளுக்கு ஒருமுறை வாசலில் சேரும் தாள்களை எடுப்பார், பின்கதவைத் தள்ளிப் பார்ப்பார், மீட்டர் எண் அசைந்திருக்கிறதா என்று பார்ப்பார். திரும்பி வந்ததும் வால்வை ஒரேயடியாகத் திறக்காமல் கால் சுற்றுத் திறந்து, குழாயில் தங்கிய காற்று சீறி வெளியேறி நீர் சீராக விழுந்த பிறகு முழுதாகத் திறந்து, சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.